பனையேறும் கயிற்றுக்கு நாமே கண் பின்னலாமா?

சாயல்குடிப் பக்கம் பனையேறும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: காலில் மாட்டும் தளைநாரோடு இடுப்புக்கும் ஒரு காப்புக் கயிறு கட்டிக்கொள்ளும்படி வீட்டில் வற்புறுத்துகிறார்கள். மூக்கையூரில் அவருடைய மைத்துனர் நங்கூரக் கயிற்றின் புரிகளைப் பிரித்து, அதே கயிற்றுக்குள் கோத்து, முடிச்சே இல்லாமல் நுனியில் கண், அதாவது வளையம், பின்னுவாராம். அவரிடம் கற்று, தன் இடுப்புக் கயிற்றுக்குத் தானே கண் பின்னிக்கொள்ளலாமா, எத்தனை முறை கோத்தால் பிடிக்கும் என்பது அவர் கேள்வி.

தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் பின்னுவது கலயமும் அரிவாள்பெட்டியும் தூக்குகிற கயிறாக இருக்கட்டும்; உங்களைத் தாங்குகிற கயிறாக இருக்க வேண்டாம். உங்கள் மைத்துனரின் கையில் எனக்குச் சந்தேகமில்லை, சந்தேகமெல்லாம் கயிற்றின் மேல்தான். முடிச்சுப் போட்ட கயிறு தன் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இழக்கும். ஒழுங்காகப் பின்னிய கண்ணோ ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத்தான் இழக்கும். ஆகவே பின்னல் நல்லதுதான். எதைப் பின்னுகிறோம் என்பதில்தான் ஆள் விழுகிறார்.

நம் ஊர்க் கடைகளில் பளபளவென்று இருப்பதெல்லாம் ‘நைலான் கயிறு’. உயிரைத் தாங்க வேண்டிய பொருளைக் கத்தரிக்காய் போலக் கிலோவுக்கு நிறுத்துக் கொடுக்கிறார்கள். எந்த இழை, எத்தனை கிலோ இழுத்தால் அறும் என்று பில்லில் ஒரு வரி கிடையாது, கேட்டால் நம்மைத்தான் விநோதமாகப் பார்ப்பார்கள். ஒரு சாண் துண்டு வாங்கி, முனையைப் பிரித்து, தண்ணீருக்குள் கசக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு விடுங்கள். மிதந்தால் அது நைலானும் அல்ல, பாலியெஸ்டரும் அல்ல. பாலிபுரோப்பிலீன் போன்ற மலிவு இழை. வெயிலில் கிடந்தால் அதன் மேலிழை நைந்து கையில் தூளாக உதிரும். உரசிச் சூடேறினால் மற்ற இரண்டையும் விடச் சீக்கிரம் இளகும். மூழ்கிவிட்டது என்பதற்காகவும் நம்பிவிடாதீர்கள். விசைப்படகில் உழைத்துத் தேய்ந்த கயிற்றைக் கழுவி, நுனி வெட்டி, புதிதாகக் கண் பின்னி, ‘ஏறுகயிறு’ என்று விற்கும் தரகரை நானே பார்த்திருக்கிறேன். கண் புதிது, கயிறு கிழம். புரியைச் சற்றே முறுக்கவிழ்த்து உள்ளே பாருங்கள். உப்பும் மணலும் நரநரவென்று இருந்தால் பேச்சே வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனிப் பின்னும் முறை. முப்புரிக் கயிறானால், விட்டத்தைப் போல் இருபது மடங்கு நீளத்துக்குப் புரிகளைப் பிரியுங்கள். 12 மில்லிமீட்டர் கயிற்றுக்கு அது ஏறத்தாழ ஒரு சாண் வரும். செயற்கை இழையானால் ஒவ்வொரு நுனியையும் உருக்கி மூடி, கயிற்றின் முறுக்குக்கு எதிர்த்திசையில், ‘ஒன்றன் மேல், அடுத்ததன் கீழ்’ என்று கோத்துக்கொண்டே போக வேண்டும். முதல் சுற்றில் மூன்று புரிகளும் மூன்று தனித்தனி இடைவெளிகளில் தலைநீட்ட வேண்டும். இரண்டு ஒரே சந்தில் வந்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி தொடங்குங்கள், பழகுகிறவர் எல்லோரும் தவறுவது அங்கேதான். தேங்காய் நார்க் கயிற்றுக்கு மூன்று சுற்றுப் போதும். வழுக்குகிற செயற்கை இழைக்கு ஐந்துக்குக் குறையக் கூடாது.

உறையும் உள்ளிழையுமாக வரும் ஏறுகயிற்றில் இந்தப் பின்னலை நினைத்தும் பார்க்காதீர்கள்.

கையால் பின்னிய கண்ணை உடம்போடு மாட்டக் கூடாது என்பதே என் விதி. விலக்கு ஒன்றே ஒன்று. கயிற்றைச் செய்தவரே அந்தக் கயிற்றுக்கென்று பின்னல்முறையை எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். வேறு கயிற்றுக்கு எழுதியது இதற்கு ஆகாது, இதே நிறுவனத்தின் வேறு தடிமனுக்கு எழுதியதும் ஆகாது. கயிறு புதிதாக இருக்க வேண்டும். பின்னுகிறவர் அந்த முறையில் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். பின்னிய கண்ணை எடை ஏற்றிச் சோதித்திருக்க வேண்டும். ஆலமரக் கிளையில் இரண்டு பேர் தொங்கிப் பார்ப்பதற்குப் பெயர் சோதனை அல்ல. இவற்றில் ஒன்று குறைந்தாலும் விலக்கு இல்லை, மைத்துனரே பின்னினாலும் இல்லை.

வாங்குவதென்றால் ஆலையில் கண் வைத்து, முத்திரையோடு வரும் இடுப்புக் கயிற்றை வாங்குங்கள். ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர எண்ணைக் காட்டிப் பட்டை விற்பார்கள். அந்தத் தரம் கட்டட, ஆலைத் தொழிலாளரின் பாதுகாப்புப் பட்டைக்கு எழுதப்பட்டது. முதுகில் மட்டும் வளையம் உள்ள பட்டையை வைத்துப் பனையைச் சுற்றி எப்படி மாட்டுவது? இதைக் கேட்டு நான் எழுதிய கடிதங்களுக்கு வந்த பதிலெல்லாம் ‘உரிய துறைக்கு அனுப்பப்பட்டது’ என்பதுதான். இடுப்பின் இரு பக்கமும் வளையம் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

கட்டடத்தில் இல்லாத இரண்டு எதிரிகள் பனையில் உண்டு: மட்டையின் கருக்கும் உங்கள் பாளை அரிவாளும். இறுகி நிற்கும் கயிறு, சீவும்போது கை தவறி அரிவாள் ஒரு முறை பட்டாலே அறுந்துபோகும். வெளிநாட்டு மரமேறிகளில் பலர் இதற்காகவே எஃகுக் கம்பி உள்ளே ஓடும் இடுப்புக் கயிற்றைப் பயன்படுத்துகிறார்கள். நம் கடற்காற்றில் அந்தக் கம்பி உறைக்குள்ளேயே துருப்பிடிக்கும் என்பதால், நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். வளைக்கும்போது நறநறத்தால் அன்றோடு கழித்துவிடுங்கள்.

பழகுவதற்கு மூன்று மீட்டர் முப்புரிக் கயிறு போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுக்காரர்கள் கரையில் உட்கார்ந்து வலையும் கயிறும் சரிசெய்யும் நாட்கள். உங்களுக்கோ அது பதனீர்க் காலம், ஓய்வு இருக்காது. மாலை ஏற்றம் முடிந்தபின் ஒரு மணி நேரம் மூக்கையூர் போய்விட்டு வாருங்கள்.