ஐந்து டிகிரிதான் குறைந்ததா?

கேள்வி: என் கம்ப்யூட்டரில் பிராசஸரோடு வந்த, அதன் சூட்டைத் தணிக்கும் கூலரைக் கழற்றிவிட்டு, வெப்பத்தைக் கடத்தும் நான்கு ஹீட் பைப்பும் 120 மி.மீ. விசிறியும் உள்ள டவர் கூலர் மாட்டினேன். முழு வேலையில் 84 டிகிரி காட்டியது இப்போது 79. பணம் வீண்தானா?

பதில்: அதற்குள் மனம் தளராதீர்கள். இரண்டையும் ஒரே நாளிலா அளந்தீர்கள்? அன்று அறை 27 டிகிரி, இன்று 33 என்று வையுங்கள். அப்படியானால் குறைந்தது 5 அல்ல, 11 டிகிரி. காற்றால் குளிரும் எந்தக் கூலரும் அறைக்காற்றைவிடக் கீழே இறக்க முடியாது. அதனால் அறை வெப்பத்தைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். நான் கேபினெட்டின் முன்பக்கம் ஒரு சாதாரண வெப்பமானியை வைத்துவிடுவேன். ஒரே வேலையை அரை மணி நேரம் ஓடவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் குறித்துக்கொள்வேன். முதல் ஐந்து நிமிடக் கணக்கை நான் நம்புவதே இல்லை.

கூடவே பிராசஸர் எடுக்கும் மின்சாரத்தின் வாட் அளவையும் பாருங்கள். குளிர்ச்சி கிடைத்ததும் சில பிராசஸர்கள் கூடுதல் மின்சாரம் எடுத்து இன்னும் வேகமாக ஓடும். அப்போது வெப்பம் குறையாது, வேலை சீக்கிரம் முடியும்.

சத்தத்தைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லையே! எனக்கு அதுதான் முக்கியம். பழைய சிறு விசிறி அலறிய இடத்தில் இது மெல்லச் சுழன்றால், அதுவே பெரிய லாபம்.

இவ்வளவு பார்த்தும் வித்தியாசம் இல்லையென்றால் கூலரைக் கழற்றுங்கள். அடிப்பாகத்துப் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். மறுபடி மாட்டும்போது, பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே வெப்பம் கடத்தத் தடவிய பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக வையுங்கள்.