ஒருமுறைகூடக் கிளெய்ம் செய்யாதவருக்கு இவ்வளவு பிரீமியம் ஏன்?

வாசகர் கேள்வி - பதில்: மருத்துவக் காப்பீடு

கேள்வி: என் தந்தைக்கு 68 வயது. பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தில் பாலிசி வைத்திருக்கிறார். ஒருமுறைகூடக் கிளெய்ம் செய்ததில்லை. சென்ற ஆண்டு வரி உட்பட 41,000 ரூபாயாக இருந்த பிரீமியம் இந்த ஆண்டு 54,000 ஆகிவிட்டது. நோயில்லாமல் இருந்ததற்கு இது தண்டனையா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: நீங்கள் நினைப்பதைவிட உயர்வு அதிகம். சென்ற ஆண்டு செலுத்திய 41,000 ரூபாயில் 18 சதவீத ஜிஎஸ்டியைக் கழித்தால் அடிப்படைப் பிரீமியம் ஏறத்தாழ 34,750 ரூபாய்தான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால், இந்த ஆண்டின் 54,000 ரூபாய் முழுவதும் நிறுவனத்தின் கட்டணமே. ஆக, உயர்வு 32 சதவீதமல்ல, 55 சதவீதம்.

நிறுவனத்தின் கணக்கில் உங்கள் தந்தை தனிமனிதர் அல்லர்; அவர் வயதையொத்தவர்கள் அடங்கிய ஒரு தொகுப்பின் பகுதி. அந்த வயதில் மருத்துவமனைச் செலவு கூடும் என்பது உண்மையாதலால், வயதுக்கேற்பக் கட்டணம் வைப்பதையே அநியாயம் என்று சொல்ல மாட்டேன். எனக்கு உறுத்துவது வேறு. நம் நாட்டில் மருத்துவ பாலிசி பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தமாகவே இருப்பதால், அவர் 56 வயதில் கட்டிய பணத்திலிருந்து 68 வயதுக்கென்று எதுவும் எடுத்துவைக்கப்படவில்லை. ஜெர்மனியில் தனியார் மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் இளவயதினர் செலுத்தும் பிரீமியத்திலிருந்தே முதுமைக்கான இருப்பைச் சேர்த்துவர வேண்டும். இங்கே அப்படியொரு கட்டாயம் இல்லை. போதாக்குறைக்கு, நிறுவனங்கள் புதுப் பெயரில் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்ததும் இளையவர்கள் அதில் சேர்ந்துவிட, பழைய திட்டத்தில் முதியோரே மிஞ்சுகிறார்கள். செலவு ஏற ஏறப் பிரீமியம் ஏறுகிறது. அதனால் உடல்நலத்தோடு இருப்பவர்கள் விலக, எஞ்சியோருக்கு மேலும் ஏறுகிறது. பாலிசியை வேறு நிறுவனத்துக்கு போர்ட் செய்யலாமே, அதாவது சேர்த்த சலுகைகளோடு மாற்றிக்கொள்ளலாமே என்றால், 68 வயதுக்காரரை ஏற்பதும் மறுப்பதும் அந்த நிறுவனத்தின் விருப்பம். வேறு போக்கிடம் இல்லாதவரிடம் விலையை ஏற்றுவதைத்தான் நான் அநியாயம் என்பேன்.

இதற்கு ஓரளவு கடிவாளம் உண்டு. 60 வயதைக் கடந்தோரின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதானால் முன்கூட்டியே தன்னிடம் கலந்தாலோசிக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜனவரி 30 அன்று உத்தரவிட்டது. எனவே, உயர்வில் எவ்வளவு உங்கள் தந்தை அடுத்த வயதுப் பிரிவுக்கு மாறியதால் வந்தது, எவ்வளவு கட்டணத் திருத்தத்தால் வந்தது, ஆணையத்திடம் கலந்தாலோசித்தார்களா என்று நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மன் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைகேள் அதிகாரி) அலுவலகத்தை அணுகலாம். பிரீமியம் குறித்த தகராறுகளும் அவரது விசாரணை வரம்புக்குள் வருபவையே. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. ஆனால் பாலிசியைப் புதுப்பிக்காமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: என் பாலிசித் தொகை 5 லட்சம், அறை வாடகை வரம்பு நாளொன்றுக்கு 5,000 ரூபாய். அந்த வாடகையில் அறை கிடைக்காததால் 8,000 ரூபாய் அறையில் தங்கினேன். வாடகை வித்தியாசத்தை மட்டும் கழிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். மொத்த பில்லிலும் கை வைத்துவிட்டார்கள்.
- வாசகர், திருநெல்வேலி

பதில்: பாலிசியில் விகிதாசாரக் கழிவு என்றொரு விதி இருக்கும். 8,000 ரூபாய் அறைக்கு 5,000 ரூபாய்தான் அனுமதி என்றால், மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவற்றிலும் எட்டில் ஐந்து பங்கே கிடைக்கும். அவை 1,60,000 ரூபாயாக இருந்தால் 60,000 உங்கள் தலையில் விழும். அறையின் தரத்துக்கேற்பப் பல மருத்துவமனைகள் மற்றக் கட்டணங்களையும் கூட்டிவிடுகின்றன என்பது நிறுவனங்கள் சொல்லும் காரணம். அதில் ஓரளவு நியாயம் உண்டு.

ஆயினும் மொத்த பில்லிலும் கை வைக்க அவர்களுக்கு அதிகாரமில்லை. மருந்துகள், உடலில் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணத்துக்கும் இந்தக் கழிவு கூடாது என்பது ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி. எந்த அறையில் தங்கினாலும் சிகிச்சைக்கு ஒரே கட்டணம் வாங்கும் மருத்துவமனையாக இருந்தால் கழிவே செல்லாது. அப்படியானால் மருத்துவமனையிடமிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு கழிவுப் பட்டியலை எதிரே வைத்து வரிவரியாகச் சரிபாருங்கள். மருந்து பில்லிலும் அதே எட்டில் ஐந்து கணக்கைப் போட்டிருந்தால், அந்தத் தொகையைத் திரும்பக் கேட்க உங்களுக்கு உரிமையுண்டு.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. சொன்னால் பிரீமியத்தைக் கூட்டுவார்கள், சொல்லாமல் விட்டுவிடுங்கள் என்கிறார் முகவர்.
- வாசகர், ஈரோடு

பதில்: சொல்லிவிடுங்கள். கிளெய்ம் நிராகரிக்கப்படும் நாளில் முகவர் உங்கள் பக்கத்தில் இருக்க மாட்டார். சேரும்போது கூடுதல் கட்டணம் கேட்கலாம். ஆனால் நீங்கள் கிளெய்ம் செய்தீர்கள் என்பதற்காகப் பின்னர் உங்களுக்கு மட்டும் பிரீமியத்தை ஏற்றவோ புதுப்பித்தலை மறுக்கவோ முடியாது. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலமும் (அந்த நோய்க்குக் கிளெய்ம் கிடைக்காத தொடக்க ஆண்டுகள்) 2024 முதல் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள்தான். முன்பு அது நான்காக இருந்தது. விண்ணப்பத்தை முகவரிடம் விடாமல் நீங்களே நிரப்பி, கையெழுத்திட்ட பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.