சின்ன டிராக்டருக்குப் பழைய ரோட்டரி கட்டர் (ஸ்லாஷர்) வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் பெங்களூரில் வேலை பார்க்கிறார். மாலூர் பக்கம் இரண்டரை ஏக்கர், 24 எச்.பி. டிராக்டர். மழைக்குப் பிறகு காங்கிரஸ் செடியும் (பார்த்தீனியம்) உண்ணிச் செடியும் இடுப்பளவுக்கு மண்டிவிட்டனவாம். ஒருவர் பழைய நாலடி ஸ்லாஷர் (டிராக்டருக்குப் பின்னால் மாட்டிப் புல் புதரை வெட்டும் மிஷின்) ஒன்றை விற்கத் தயாராக இருக்கிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

வாங்கலாம். ஹொஸ்கோட்டே பக்கத்தில் இருக்கும் என் நிலத்துக்கு நானும் பழசுதான் வாங்கினேன். ஆனால் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் வாங்கினேன். நீங்கள் அப்படிச் செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் வாங்கியது புதுப் பெயின்ட் அடித்து, பார்க்க அம்சமாக இருந்தது. தகட்டைத் தட்டிப் பார்த்தேன், துரு இல்லை. பிளேடைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. பணத்தைக் கொடுத்து வண்டியில் ஏற்றிவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை புல்லுக்குள் மறைந்திருந்த தைலமரக் கட்டை ஒன்றில் பிளேடு மோதியது. டங் என்று ஒரே சத்தம், இன்ஜின் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பி.டி.ஓ. (டிராக்டரின் பின்னால் மிஷினைச் சுற்றவைக்கும் முனை) போட்டால் கறகறவென்று அரைக்கிற சத்தம். பீன்யாவில் ஒரு பட்டறையில் கியர்பாக்ஸைத் திறந்தபோது சின்னப் பல்சக்கரத்தில் இரண்டு பற்கள் இல்லை. பட்டறைக்காரர் வாணியம்பாடிக்காரர், முப்பது வருடமாகப் பெங்களூரில் இருப்பவர். உடைந்த பல்லை ஓரமாக வைத்துவிட்டு, ஷாஃப்டிலிருந்து ஒரு போல்ட்டைத் தட்டி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "தம்பி, தலையில என்ன நம்பர் இருக்கு, படிங்க" என்றார். 12.9 என்று பொறித்திருந்தது.

இந்த மிஷினைப் பற்றி நான் கற்றதெல்லாம் அந்த போல்ட்டிலிருந்து தொடங்கியதுதான். டிராக்டரிலிருந்து வரும் ஷாஃப்ட் கியர்பாக்ஸில் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு போல்ட் இருக்கும். அதை ஷியர் போல்ட் என்பார்கள். உடைவதற்காகவே போட்ட போல்ட் அது. பிளேடு கல்லிலோ கட்டையிலோ மாட்டினால் அது முறிந்துகொள்ளும், கியர்பாக்ஸ் தப்பிக்கும். அடிக்கடி உடைகிறதே என்று சலித்துப்போன யாரோ கடையில் கிடைத்த மிகக் கெட்டியான போல்ட்டைப் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு பட்ட ஒவ்வொரு அடியும் பல்சக்கரத்தில்தான் விழுந்திருக்கிறது. போல்ட்டின் தலையில் இருக்கும் 8.8, 10.9, 12.9 என்ற எண்கள் அதன் வலிமையைச் சொல்லும். எண் கூடக் கூட போல்ட் கெட்டி. அந்த மாடலின் மேனுவலில் எந்தத் தரம் சொல்லியிருக்கிறதோ அதுதான் இருக்க வேண்டும். ஆகவே பழைய ஸ்லாஷர் பார்க்கப் போனால் முதலில் இந்த போல்ட்டைப் பாருங்கள். முன்னால் வைத்திருந்தவர் அதை எப்படி ஓட்டினார் என்று அது ஒன்றே சொல்லிவிடும். போல்ட் போகும் துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தாலும் நிறைய அடி வாங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

சில மாடல்களில் ஷியர் போல்ட்டுக்குப் பதில், அடி பட்டால் உடையாமல் வழுக்கிக்கொடுக்கும் ஸ்லிப் கிளட்ச் இருக்கும். மழையில் கிடந்தால் அதன் தகடுகள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். வெளியே கிளட்ச் மாதிரித்தான் இருக்கும், ஆனால் வழுக்காது. ஸ்பிரிங் போல்ட்களைத் தளர்த்தி, சில நொடிகள் வழுக்கவிட்டு, பழைய அளவுக்கே மறுபடி இறுக்கினால் சரியாகிவிடும். விற்பவரையே உங்கள் கண்முன்னால் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

அடுத்தது கியர்பாக்ஸ். ஆயில் பிளக்கைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் தேன் நிறத்திலோ கறுப்பாகவோ இருந்தால் கவலையில்லை. பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. விரலை வெயிலில் பிடிக்கும்போது மினுமினுவென்று பொடி தெரிந்தால் பற்கள் தேய்கின்றன. கியர் ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் கெட்டியான கிரீஸ் இருந்தால், கீழ் ஆயில் சீல் போய் ஒழுகுவதை மறைக்க அடைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். சீல் மட்டும் போயிருந்தால் பெரிய செலவில்லை. பழைய சீலைக் கையோடு எடுத்துக்கொண்டு பெங்களூர் எஸ்.ஜே.பி. ரோட்டுக் கடைகளுக்குப் போனால் அதே அளவில் கிடைத்துவிடும். பேரிங்கும் அங்கேயே. பல்சக்கரம் அப்படியில்லை. அந்த மாடலுக்கு உதிரிபாகம் கிடைக்காவிட்டால் புதிதாக வெட்ட வேண்டிவரும், எனக்கு மிஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போனது.

சீல் ஏன் போனது என்பதும் முக்கியம். அடியில், பிளேடைத் தாங்கும் தட்டுக்கு மேலே, சுற்றும் ஷாஃப்டில் என்ன சுற்றியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். என்னுடையதில் கட்டுக்கம்பியும், கிழிந்த சொட்டு நீர்க் குழாயும், உரச்சாக்கின் நாரும் இறுகிப்போய்க் கிடந்தன. சீலை அறுத்தது அந்தக் கம்பிதான். இதைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை: ஹைட்ராலிக்கில் தூக்கி நிறுத்திய மிஷினுக்கு அடியில் தலையையோ கையையோ விடவே விடாதீர்கள். இன்ஜினை அணைத்து, சாவியைப் பையில் போட்டு, நாலு மூலையிலும் மரக்கட்டை முட்டுக்கொடுத்த பிறகுதான் குனிய வேண்டும். விற்பவர் அவசரப்பட்டால் பட்டுக்கொள்ளட்டும்.

குனிந்ததும் பிளேடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். தொங்குகிற பிளேடு அதன் போல்ட்டில் சுலபமாகச் சுழல வேண்டும், அதில் தப்பில்லை. ஆனால் பிளேடைத் தாங்கும் தட்டே ஆடினால் அடி பேரிங்கோ நடு நட்டோ போயிருக்கிறது. பிளேடு கத்தி மாதிரிக் கூர்மையாக இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், வேகத்தில் அடித்து வெட்டுவதுதான் அதன் வேலை. இரண்டு பிளேடும் ஒரே எடை இருக்கிறதா என்பதே விஷயம். நான் கழற்றிப் போய்க் காய்கறிக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், ஒன்று 60 கிராம் குறைவு. மிஷின் அதிர்ந்ததற்குக் காரணம் அதுதான். மாற்றினால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

இனி உங்கள் டிராக்டருக்கு வருவோம். ஓர் அடி அகலத்துக்கு ஏறக்குறைய 5 எச்.பி. என்பது நடைமுறைக் கணக்கு, அதுவும் பி.டி.ஓ.வில் கிடைக்கும் எச்.பி. 24 எச்.பி. இன்ஜினில் பி.டி.ஓ.வுக்கு இருபதை ஒட்டித்தான் வரும். நாலடி சரி. யாராவது ஐந்தடியைச் சல்லிசாகக் கொடுத்தாலும் வேண்டாம். தூக்கிக்கொண்டு போகும்போது முன்சக்கரம் லேசாகித் திருப்பத்துக்குக் கேட்காது. நாலடிக்கே முன்னால் வெயிட் போடுவது நல்லது. ஷாஃப்ட் நீளத்தையும் உங்கள் டிராக்டரில் மாட்டித்தான் முடிவு செய்ய வேண்டும். மிஷினைத் தூக்கி இறக்கிப் பாருங்கள். ஷாஃப்ட் என்பது ஒன்றுக்குள் ஒன்று நழுவும் இரண்டு குழாய்கள். எந்த நிலையிலும் அது முட்டக் கூடாது, உள்குழாய் மூன்றில் ஒரு பங்காவது வெளிக்குழாய்க்குள் இருக்க வேண்டும்.

இன்னொன்றைப் பலரும் சொல்வதில்லை. உங்கள் டிராக்டர் ஒற்றை கிளட்ச் உள்ள பழைய மாடலா? அப்படியானால் கிளட்சை மிதித்தாலும் சுற்றுகிற பிளேடின் வேகம் பி.டி.ஓ. வழியாகத் திரும்பி வந்து சக்கரத்தைத் தள்ளும். பக்கத்து நிலத்துக்காரர் கிளட்சை முழுதாக மிதித்தபடியே போய் வேலியின் கருங்கல் கம்பத்தில் மோதியதை நான் கண்ணால் பார்த்தேன். நல்லவேளை, மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தார். பி.டி.ஓ. முனையில் ஓவர்ரன்னிங் கிளட்ச் (ஒரு பக்கமாக மட்டும் விசையைக் கடத்துவது) மாட்டினால் இந்த ஆபத்து இல்லை. அதன் நீளம் கூடுவதால் ஷாஃப்டை அதற்கேற்ப வெட்ட வேண்டும்.

எல்லாம் சரியென்று பட்டால், ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பி.டி.ஓ.வை நிமிடத்துக்கு 540 சுற்றில் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். நிறுத்தி, பிளேடு முழுதாக நின்ற பிறகு கியர்பாக்ஸைத் தொடுங்கள். வெதுவெதுப்பு இயல்புதான், கை வைக்க முடியாத சூடு இயல்பில்லை. முன்னும் பின்னும் தொங்கும் சங்கிலித் திரை இல்லாவிட்டால் விலையைக் குறைத்துப் பேசி முதல் வேலையாக அதைப் போடுங்கள். பிளேடு நிமிடத்துக்கு 900 முறை சுற்றினால் நாலடி வட்டத்தின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும். அதில் பட்டுத் தெறிக்கும் கல் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. நம் பக்கத்து நிலமெல்லாம் கல் நிலம்.

விளம்பரங்களில் ரோட்டவேட்டரையும் 'ரோட்டரி' என்றே போடுகிறார்கள். அது மண்ணைக் கிளறுவது, உங்களுக்கு வேண்டியது தரைக்கு மேலே வெட்டுவது. வருடத்துக்கு இரண்டு தடவைதான் வேலை என்றால் கர்நாடக அரசுத் திட்டமான 'கிருஷி யந்திரதாரே' வாடகை மையத்தில் ஸ்லாஷர் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். சொந்தமாக வாங்குவதற்கு நியாயமான காரணம் காங்கிரஸ் செடிதான். அதைப் பூக்கும் முன் வெட்ட வேண்டும், அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும், மறுபடி வெட்ட வேண்டும். வாடகை மிஷின் அந்த நாளுக்கு வந்து சேராது. வெட்டும்போது மாஸ்க்கும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம்.

வெட்டுவதற்கு முன் நிலத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். கட்டை இருக்கும் இடத்தில் குச்சி நட்டு, அதில் பழைய துணி கட்டுங்கள். நான் அப்படிச் செய்தும் சிலது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. மேனுவலில் சொன்ன தரத்திலேயே ஒரு டஜன் ஷியர் போல்ட் வாங்கி டூல் பாக்ஸில் வைத்திருக்கிறேன். போன மழைக்காலத்தில் மூன்று உடைந்தன. கியர்பாக்ஸில் ஒன்றும் ஆகவில்லை.