ஆஸ்பத்திரி வாசலைப் பார்க்கவும் ஏஜெண்டா?

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து மாமனார் வந்திருக்கிறார். அரசு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சிங்கப்பூரின் பழைய மருத்துவமனைகளை நடந்தே பார்க்க ஆசைப்படுகிறார். ஏஜெண்ட் ஒருவர் ஆளுக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேட்கிறார். வளாகத்துக்குள் போகத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்று 50 வெள்ளி முன்பணமும் வாங்கிவிட்டார். அனுமதி உண்மையிலேயே தேவையா? மாமாவுக்கு முட்டிவலி வேறு. – ஈசூன் வாசகி

பதில்: தேவையில்லை. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை வளாகத்தில் தினமும் ஆயிரக்கணக்கானோர் நோயாளியைப் பார்க்கவும் சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டும் போய் வருகிறார்கள். உங்கள் மாமனாரை யாரும் நிறுத்திக் கேட்கப்போவதில்லை. வார்டுக்குள் வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது, நோயாளிகளைப் படம் எடுக்கக் கூடாது. அவ்வளவுதான் கட்டுப்பாடு. இல்லாத அனுமதிக்கு விலை வைத்து விற்கிறார் உங்கள் ஏஜெண்ட். இந்த வியாபாரம் இப்போது கொஞ்சம் அதிகமாகவே நடக்கிறது.

வழிகாட்டி வேண்டும் என்றால் உரிமம் பெற்றவரை வையுங்கள். சுற்றுப்பயணியிடம் கூலி வாங்கிக்கொண்டு ஊர் சுற்றிக் காட்டுபவர் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் வைத்திருக்க வேண்டும். காட்டச் சொன்னால் காட்ட வேண்டும். இதைச் சொன்னதும் பலர் பயந்துவிடுகிறார்கள், அதனால் விளக்கிவிடுகிறேன். உங்கள் மாமனாருக்கு நீங்கள் விளக்கம் சொன்னால் உரிமம் வேண்டாம். உங்கள் கணவர் சொன்னால் வேண்டாம். வரலாறு தெரிந்த பக்கத்து பிளாக் வாத்தியார் ஓர் ஆசையில் கூட வந்து நாலு கதை சொன்னாலும் வேண்டாம். அவருக்கு நீங்கள் ஒரு தோசையும் டீயும் வாங்கிக் கொடுத்தால் அது கூலி ஆகிவிடுமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். ஆகாது ஐயா, தோசை தோசைதான். ‘ஆளுக்கு இவ்வளவு’ என்று பேசி வாங்கினால்தான் பேச்சு வேறு.

சரி, நடைக்கு வருவோம். வேலை நாளில், காலை 9 மணி வாக்கில் ஊட்ரம் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்குங்கள். அந்த மேட்டுப் பகுதிக்குப் பழைய பெயர் சிப்பாய் லைன்ஸ். நம்மூர்ச் சிப்பாய்கள் முகாமிட்டிருந்த இடம். பொது மருத்துவமனை இங்கே வந்தது 1882-இல். இப்போது நீங்கள் பார்க்கப்போகும் மணிக்கூண்டு வைத்த பௌயர் பிளாக் 1926-இல் திறந்தது. அன்று கட்டிய மூன்று பெரிய பிளாக்குகளில் இதன் முன்பகுதி மட்டுமே மிச்சம். மருத்துவமனையின் அருங்காட்சியகம் இதற்குள்தான். பழைய கருவிகளைப் பார்த்தால் கம்பவுண்டர் ஐயாவை அங்கிருந்து கிளப்புவது உங்களுக்குச் சிரமமாகிவிடும். போகும் முன் போன் செய்து, அன்று திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஊரில் இப்படிப்பட்ட சிறு அருங்காட்சியகங்கள் பலவும் அலுவலக நேரத்தில்தான் கதவைத் திறக்கின்றன. வேலைக்குப் போகிறவன் எப்போது வந்து பார்ப்பான் என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

அங்கிருந்து காலேஜ் ரோடு. பழைய கிரேக்க பாணியில் பெரிய டோரிக் தூண்கள் வரிசையாக நிற்கும் கட்டடம் பழைய மருத்துவக் கல்லூரி, அதுவும் 1926. பக்கத்தில் 1911-இல் எழுந்த டான் டெக் குவான் கட்டடம். மருத்துவப் பள்ளி தொடங்கியது 1905-இல். அரசாங்கம் தானாக முன்வந்து தொடங்கவில்லை. வணிகர் டான் ஜியாக் கிம் தலைமையில் ஊர்க்காரர்கள் 87,077 வெள்ளி வசூலித்துக் கொடுத்த பிறகுதான் தொடங்கியது. முதல் வகுப்புகள் நடந்தது, காலியாகிக் கிடந்த பெண்கள் மனநலக் காப்பகத்தில். கல்லூரிக் கட்டடம் இன்று சுகாதார அமைச்சின் அலுவலகம், வெளியே நின்று பார்த்துக்கொள்ளலாம். தேசிய நினைவுச்சின்னம் என்றும் அறிவிப்பார்கள், உள்ளே மேசை நாற்காலியும் போட்டுவிடுவார்கள்.

அதே வளாகத்தில் ஒரு போர் நினைவிடமும் உண்டு. 1942 பிப்ரவரியில் சண்டையின் கடைசி மணி நேரங்களில் செத்தவர்களைத் தனித்தனியாகப் புதைக்க வழியில்லாமல், அவசரத் தண்ணீர்த் தொட்டிக்காகத் தோண்டி வைத்திருந்த குழியிலேயே 400-க்கும் மேற்பட்டவர்களைப் புதைத்தார்கள். யார் யார் என்று பிரித்தறிய முடியாததால் போருக்குப் பின்னும் அதைத் தோண்டவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. அரைகுறை வழிகாட்டிகள் எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். சிங்கப்பூரில் ஆஸ்பத்திரிகள் பெயரைத் தூக்கிக்கொண்டு இடம் மாறியவை. டான் டோக் செங் மருத்துவமனைக்கு 1844-இல் அடிக்கல் நாட்டியது பேர்ள்ஸ் ஹில் மேட்டில், டான் டோக் செங் என்ற வணிகர் கொடுத்த 7,000 ஸ்பானிய வெள்ளியை வைத்து. பிறகு ராணுவத்துக்கு மேடு வேண்டும் என்று நோயாளிகளைச் சிராங்கூன் சாலைப் பக்கம் அனுப்பினார்கள். இன்றைய நொவீனா எம்ஆர்டி பக்கம், மோல்மின் சாலைக்கு வந்தது 1909-இல். அடுத்த ஆண்டே, விட்டுவந்த பழைய இடத்தில் குவோங் வாய் ஷியு மருத்துவமனை தொடங்கியது. இது தெரியாமல் நொவீனா எம்ஆர்டி வாசலில் நின்று “1844 முதல் இதே இடத்தில்” என்று ஒருவர் ஆரம்பித்தால், அவரிடம் மேற்கொண்டு எதுவும் கேட்காதீர்கள்.

வெயில் ஏறும் முன் ரயிலில் ஒரே ஸ்டேஷன், சைனாடவுன். முட்டிவலிக்காரரை அந்தத் தூரம் நடக்க விடாதீர்கள். இயூ டோங் சென் தெருவில் தோங் சாய் மருத்துவ நிலையத்தின் 1892 கட்டடம் நிற்கிறது. இன்ன இனம் என்று பாராமல் வைத்தியமும் மருந்தும் இலவசமாகக் கொடுத்த இடம். நிலையம் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டதால் வெளியிலிருந்துதான் பார்க்க வேண்டும். பிறகு சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோவில். 1827-இல் எழுந்த கோவிலை எதற்கு மருத்துவ வரிசையில் சேர்க்கிறேன் என்று உங்கள் மாமனார் கேட்க மாட்டார். அம்மை கண்ட காலத்தில் நம்மவர்கள் முதலில் ஓடியது ஆத்தாளிடம்தான். மத்தியான நடைசாத்தலுக்கு முன் போய்விடுங்கள்.

பேக்கேஜ்காரர்கள் இந்த இடத்தில் ‘பாரம்பரிய மருந்துக் கடை’ ஒன்றைச் செருகுவார்கள். நாடி பார்ப்பார்கள், முட்டிக்கு ஒரு டப்பா கையில் வைப்பார்கள். அதில் கூட்டிவந்தவருக்குக் கமிஷன் உண்டு. மாமனார் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளோடு அது ஒத்துப்போகுமா என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை.

பழைய கேகே (கண்டாங் கெர்பாவ்) மருத்துவமனையை இன்னொரு நாளைக்கு வையுங்கள். லிட்டில் இந்தியா எம்ஆர்டிக்குப் பக்கத்தில் ஹாம்ஷியர் சாலை. 1924 முதல் பிரசவ ஆஸ்பத்திரி. 1966-இல் மட்டும் கிட்டத்தட்ட 40,000 குழந்தைகள் பிறந்து கின்னஸில் ஏறிய இடம். 1997-இல் மருத்துவமனை பக்கத்திலேயே புதுக் கட்டடத்துக்குப் போனது. இப்போது அங்கே நிலப் போக்குவரத்து ஆணையம் உட்கார்ந்திருக்கிறது. தேக்கா சந்தையில் மீன் வாங்கப் போகும்போது எட்டிப் பார்த்தாலே போதும்.

முன்பணத்துக்கு வருவோம். இன்றே ஏஜெண்டுக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள், போனில் பேச வேண்டாம். பயண முகவர் உரிம எண் என்ன, எந்த அலுவலகத்தில் எந்த அனுமதி வாங்கப்போகிறார் என்று எழுத்தில் கேளுங்கள். இந்த இரண்டு கேள்விக்கே பெரும்பாலும் காசு திரும்பிவிடும். வராவிட்டால் அந்தச் செய்திகளோடு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போங்கள். அங்கேயும் படிவம் நிரப்பிக் காத்திருக்கத்தான் வேண்டும். 50 வெள்ளிதானே என்று விட்டுவிடாதீர்கள், அப்படி விட்டவர்களை வைத்துத்தான் அவர் பிழைக்கிறார்.