பார்த்துச் செய்யுங்கள்

அன்புள்ள ஐயா,

ஷில்லரின் 'மரியா ஸ்டூவர்ட்' நாடகத்தை ஆங்கிலத்தில் படித்தேன். அதிலிருந்து டோனிட்செட்டி அமைத்த ஆப்பரா இசைநாடகத்தையும் பார்த்தேன். இரண்டிலும் உச்சம், இங்கிலாந்து அரசி எலிசபெத்தும் சிறையிலிருக்கும் ஸ்காட்லாந்து அரசி மேரியும் நேருக்கு நேர் நிற்கும் காட்சிதான். ஆனால் உண்மையில் இருவரும் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லையாம். வரலாற்று நாடகத்தில் இப்படிப் பொய் சொல்லலாமா? நாடகமா ஆப்பராவா, எது மேல்?

ச.

அன்புள்ள ச.,

ஷில்லர் ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர். தெரிந்தேதான் அந்தச் சந்திப்பை வைத்தார். அவர் கதையை எடுக்காத 2018 'மேரி குயின் ஆஃப் ஸ்காட்ஸ்' படம்கூட இருவரையும் சந்திக்க வைத்தது. அதை விடுங்கள்.

எனக்குக் கோபம் வேறு. நாடகத்தைப் படித்தேன் என்கிறீர்கள், கடிதத்தில் டேவிசன் என்ற பெயரே இல்லை. நான்காம் அங்கத்தின் முடிவை எப்படித் தாண்டிப் போனீர்கள்?

எலிசபெத் தனியாக இருக்கிறாள். மேரியின் மரண ஆணையில் விறுவிறுவென்று கையெழுத்திடுகிறாள். பேனா கையிலிருந்து விழுகிறது, தானே மிரண்டு பின்வாங்குகிறாள். மணியடித்துச் செயலாளர் டேவிசனை அழைத்துத் தாளைக் கொடுக்கிறாள். நிறைவேற்றவா என்று கேட்டால், அப்படிச் சொல்லவில்லை என்கிறாள். அப்படியானால் வைத்திருக்கவா என்றால், விளைவுக்கு நீதான் பொறுப்பு என்கிறாள். இது என் கையில் நெருப்பாய்ச் சுடுகிறது, திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிறான். உன் வேலையைச் செய் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள்.

இது கற்பனையில்லை, தம்பி. 1587 பிப்ரவரி 8 அன்று மேரியின் தலை விழுந்தது. நான் அனுப்பச் சொல்லவே இல்லை என்றாள் எலிசபெத். டேவிசனுக்கு 10,000 மார்க் அபராதம், லண்டன் கோபுரத்தில் சிறை.

என் அப்பா ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். ஒரு சாயங்காலம் மேலதிகாரி கோப்பில் கையெழுத்துப் போட்டு, "பார்த்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். அப்பா அனுப்பினார். விவகாரம் மேலே போனதும் மெமோ வந்தது: யாரைக் கேட்டு அனுப்பினீர்? பதினோரு மாதம் சஸ்பென்ஷன். ராத்திரி அரிக்கேன் விளக்கடியில் ஃபுல்ஸ்கேப் தாளில் விளக்கம் எழுதுவார், கிழிப்பார், மறுபடி எழுதுவார். அந்த இரண்டு வார்த்தையை எழுதும் இடம் வந்ததும் பேனா நின்றுவிடும். அதைத் தவிர அவரிடம் சொல்ல வேறொன்றும் இல்லை. அதற்குச் சாட்சியும் இல்லை. அம்மா அந்தக் கிழிந்த தாள்களைப் பொறுக்கி அடுப்பு மூட்ட வைத்துக்கொள்வாள்.

சென்னையில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதியில் டேவிசன் காட்சியைப் படித்தபோது அப்பா இறந்து நான்கு வருடமாகியிருந்தது. இருந்திருந்தால் அவருக்கு வரிவரியாகச் சொல்லியிருப்பேன். இருநூறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஜெர்மன்காரனுக்கு உங்களைத் தெரிந்திருக்கிறது அப்பா என்று.

எது மேல் என்று கேட்டீர்கள். டோனிட்செட்டியின் இசை எனக்கும் உயிர்தான். ஆனால் அவருடைய ஆப்பராவில் டேவிசன் என்ற பாத்திரமே கிடையாது. மேரியைக் காதலிக்கும் லெஸ்டர் பிரபுவின் கண்முன்னேயே அரசி கையெழுத்திட்டுவிடுகிறாள். ஷில்லரின் கடைசிக் காட்சியில் அவள் டேவிசனைச் சிறைக்கு அனுப்புகிறாள், ஒவ்வொருவராகப் போய்விடத் தனியே நிற்கிறாள். ஆப்பராவின் கடைசியில் அவளே இல்லை.

நான்காம் அங்கத்தை இன்னொரு முறை படியுங்கள். படித்துவிட்டு எழுதுங்கள்.