டேஷ்போர்டு சொல்லும் ரேஞ்சை நம்பலாமா?

கேள்வி: ஐந்து வருடம் ஓடிய மின்சார கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. புதிதில் 300 கிலோமீட்டர் போகும் என்றார்கள். இப்போது முழு சார்ஜில் 280 காட்டுகிறது. அப்படியானால் பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது?

பதில்: அந்த 280-ஐ வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அது பேட்டரியை அளந்து சொன்ன எண் இல்லை. வண்டி சமீபத்தில் எப்படி ஓட்டப்பட்டதோ, அதை வைத்து கார் போடும் உத்தேசக் கணக்கு. விற்பவர் கொஞ்ச நாள் ஏசி போடாமல் நிதானமாக ஓட்டினால் போதும், எண் தானாக ஏறிவிடும். அதே காரை நெடுஞ்சாலையில் விரட்டியவருக்கு 220 காட்டும். பேட்டரி ஒன்றுதான்.

நீங்கள் கேட்க வேண்டியது எஸ்ஓஎச். அதாவது, புதிதில் 40 யூனிட் மின்சாரம் பிடித்த பேட்டரி இன்று எவ்வளவு பிடிக்கிறது என்ற சதவீதம். சில கார்களின் மெனுவிலேயே இது கிடைக்கும். இல்லாவிட்டால் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி போர்ட்டில் (மெக்கானிக்குகள் காரின் கணினித் தகவலைப் படிக்கும் துளை) ஒரு ப்ளூடூத் டாங்கிளைச் செருகி, அது போனுக்கு அனுப்பும் விவரத்தை அந்தக் காருக்கு ஏற்ற ஆப்பில் பார்க்கலாம். நிசான் லீஃப் என்றால் லீஃப்ஸ்பை.

பலர் எஸ்ஓஎச் 88 என்று பார்த்ததும் திருப்தியாகி ஆப்பை மூடிவிடுகிறார்கள். நான் அதன் பிறகுதான் வேலையையே ஆரம்பிப்பேன். ஒவ்வொரு செல் ஜோடிக்கும் ஒரு கோடு காட்டும் செல் வோல்டேஜ் பக்கத்துக்குப் போங்கள். 40 யூனிட் லீஃபில் 96 ஜோடி செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. அதில் ஒரு ஜோடி சோர்ந்தால் மற்ற 95-ம் அதற்காக நிற்க வேண்டியதுதான். ஊர்வலத்தின் வேகம் கடைசியில் நடப்பவரின் வேகம் என்பதுபோல. முழு சார்ஜில் இந்தக் குறை பெரும்பாலும் தெரியாது. அதனால்தான் விற்பவர் நூறு சதவீதம் ஏற்றி, துடைத்து நிறுத்தி வைத்திருக்கும் வண்டியைக் கண்டால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை. சார்ஜ் இருபது, முப்பது சதவீதத்துக்கு இறங்கும்வரை ஓட்டுங்கள். பக்கத்தில் ஒருவர் ஆப்பைப் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்துங்கள். எல்லாக் கோடுகளும் சேர்ந்து இறங்கினால் சரி. ஒன்று மட்டும் தனியாகப் பள்ளத்தில் விழுந்தால், விலை பேசுவதை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

டாங்கிள் இல்லையா? கணக்குப் போடுங்கள். 80 சதவீதத்தில் ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்கி 20 வரை ஓட்டுங்கள். அந்த 60 சதவீதத்துக்கு 21 யூனிட் செலவானதாகக் கார் காட்டினால், முழு பேட்டரி 35 யூனிட். புதிதில் 40 என்றால் சுமார் 87 சதவீதம் மிச்சம். சார்ஜரில் ஏறிய யூனிட்டை வைத்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள். ஏற்றும்போது வெப்பமாக வீணாவதும் அதில் சேர்ந்திருக்கும், பேட்டரி உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்.

கேள்வி: பழைய நிசான் லீஃப் ஒன்றில் பேட்டரி ஆரோக்கியக் கட்டங்கள் பன்னிரண்டும் முழுதாக எரிகின்றன. இவ்வளவு வயதான வண்டியில் இது சாத்தியமா?

பதில்: சாத்தியம்தான், ஆனால் சந்தேகப்படுங்கள். முதல் கட்டம் அணைவதற்கே ஏறக்குறைய 15 சதவீதம் தேய வேண்டும். ஆகவே பன்னிரண்டு கட்டம் என்பது புத்தம்புதியதாகவும் இருக்கலாம், 86 சதவீதமாகவும் இருக்கலாம். இன்னொரு தில்லுமுல்லும் உண்டு. பேட்டரி மேலாண்மைக் கணினியின் நினைவை அழித்துவிட்டால் கட்டங்கள் எல்லாம் திரும்ப எரியும். வாங்கியவர் ஓட்ட ஓட்ட, அது உண்மையைக் கண்டுபிடித்து ஒவ்வொன்றாக அணைக்கும். அதற்குள் விற்றவர் போன் எடுக்க மாட்டார். எனவே கட்டங்களை விட்டுவிட்டு, மேலே சொன்ன ஓட்டக் கணக்கைச் செய்யுங்கள். பழைய லீஃபின் பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். வெயிலில் வாழ்ந்த வண்டியா என்பது அதற்கு முக்கியமான கேள்வி.

கேள்வி: ஏழு வருடத்தில் மிகக் குறைவாக ஓடிய கார், மூன்று வருடத்தில் நிறைய ஓடிய கார். எதை எடுப்பது?

பதில்: அளந்து பார்க்க வழியே இல்லை என்றால் இரண்டாவதை. லித்தியம் பேட்டரி ஓடாமலும் வயதாகும். முழு சார்ஜோடு வெப்பத்தில் நிறுத்தி வைத்தால் இன்னும் வேகமாக.

கேள்வி: எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி உள்ள காரில் சதவீதம் திடீரென்று குதித்து இறங்குகிறது. பேட்டரி போய்விட்டதா?

பதில்: அவசரப்படாதீர்கள். எல்எஃப்பி செல்லின் வோல்டேஜ் நடுப்பகுதியில் கிட்டத்தட்ட ஒரே மட்டமாக இருக்கும். எவ்வளவு மிச்சம் என்று கணினியால் வோல்டேஜை வைத்துச் சரியாகச் சொல்ல முடியாது. அவ்வப்போது நூறு வரை ஏற்றினால்தான் கணக்கு நேராகும். முன்னாள் உரிமையாளர் எப்போதும் எண்பதிலேயே நிறுத்தியிருப்பார். ஒருமுறை முழுதாக ஏற்றி, அப்புறம் சோதியுங்கள். அதற்குப் பிறகும் குதித்தால் செல் வோல்டேஜைப் பார்க்க வேண்டியதுதான்.

கேள்வி: வாரண்டி இருக்கிறதே, இவ்வளவு சோதனை எதற்கு?

பதில்: பல நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை வாரண்டி தருகின்றன. தேய்மானத்துக்கு அந்த வாரண்டி பொதுவாக எஸ்ஓஎச் 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் செல்லும். 72-ல் நிற்கும் பேட்டரிக்கு ஒன்றும் கிடைக்காது. இரண்டாவது உரிமையாளருக்கு வாரண்டி மாறுமா என்பதையும், வண்டியின் அடியில் பேட்டரி உறை நசுங்கியிருந்தால் அது செல்லுமா என்பதையும் காசு கொடுப்பதற்கு முன் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.