மஞ்சள் கேப்ஸ்யூல் குறைத்ததா, மெதோட்ரெக்ஸேட் குறைத்ததா?

கேள்வி: எனக்கு வயது 54, ஊர் காரைக்குடி. சரவாங்கி (முடக்குவாதம்) என்று மூன்று மாதமாக வாரம் ஒரு நாள் மெதோட்ரெக்ஸேட் 15 மி.கி. சாப்பிடுகிறேன். தைராய்டு மாத்திரையும் உண்டு. இரண்டு மாதம் முன் சிங்கப்பூரிலிருந்து வந்த மகன் மஞ்சள்-மிளகுச் சத்து கேப்ஸ்யூலும் அஸ்வகந்தா மாத்திரையும் வாங்கி வந்தான். காலையில் விரல் மடங்காமல் இருந்தது இப்போது சரியாகிவிட்டது. உடம்பின் அழற்சியைக் காட்டும் சிஆர்பி ரத்தப் பரிசோதனையும் 28-லிருந்து 9-க்கு இறங்கியிருக்கிறது. இனி மூலிகை மட்டும் போதுமா?

பதில்: போதாது. மெதோட்ரெக்ஸேட்டை நிறுத்தாதீர்கள்.

நீங்கள் எழுதிய கணக்கையே பாருங்கள். மெதோட்ரெக்ஸேட்டின் பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். நீங்கள் கேப்ஸ்யூல் தொடங்கிய அடுத்த சில வாரங்களில்தான் அது வேலை காட்டத் தொடங்கியிருக்கும். பாராட்டு மட்டும் சிங்கப்பூர் டப்பாவுக்குப் போய்விட்டது.

மஞ்சளில் ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. முழங்கால் தேய்மான வலியில் ஓரளவு குறைவு கிடைப்பதாகச் சிறிய ஆய்வுகள் உண்டு. சரவாங்கிக்கும் 2012-ல் கேரளத்தில் 45 பேரிடம் எட்டு வாரம் பார்த்தார்கள். ஆனால் ஒப்பிட்டது டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையோடு. வலி குறைவது வேறு, மூட்டு அரிக்கப்படாமல் இருப்பது வேறு. அரிப்பைத் தடுப்பதற்குத்தான் உங்களுக்கு மெதோட்ரெக்ஸேட்.

'சமையலில் போடுகிற மஞ்சள்தானே' என்பார்கள். ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள் சுமார் 3 கிராம். அதில் குர்குமின் என்ற மஞ்சளின் முக்கியச் சத்து நூற்றுக்கு மூன்று பங்கு அளவில், அதாவது 90 மி.கி. 500 மி.கி. கேப்ஸ்யூலில் '95 சதவீதம்' என்று போட்டிருந்தால் 475 மி.கி. தினம் இரண்டு விழுங்கினால் பத்துத் தேக்கரண்டிக்கு மேல். ஆச்சி வைக்கிற குழம்பில் அவ்வளவு விழுந்தால் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள்! அதோடு மிளகுச் சத்தான பிப்பெரின் வேறு. 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வில், 20 மி.கி. பிப்பெரின் சேர்த்தபோது குர்குமின் உடலில் சேரும் அளவு சுமார் 20 மடங்கானது. குடலிலும் கல்லீரலிலும் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைப் பிப்பெரின் தடுப்பது இதற்கு ஒரு காரணம். வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமைக்கான வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு இதனாலேயே ஆபத்து. ரசத்தில் தட்டிப் போடும் மிளகுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் என் பெரிய கவலை கல்லீரல். மஞ்சள் கேப்ஸ்யூலால் மஞ்சள்காமாலை வந்தவர்கள் இத்தாலி, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் பதிவாகியிருக்கிறார்கள். பெரும்பாலும் தொடங்கிய ஒன்று முதல் நான்கு மாதத்துக்குள். அஸ்வகந்தாவும் அப்படிச் செய்யக்கூடியது. மெதோட்ரெக்ஸேட்டும் கல்லீரலைப் பாதிக்கலாம். நாளை கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி ஏறினால் குற்றவாளி யார் என்று தெரியாமல், முதலில் நிறுத்தப்படுவது மூட்டைக் காப்பாற்றும் மருந்தாகத்தான் இருக்கும்.

அஸ்வகந்தா, அதாவது நம் அமுக்கரா, எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்றுதான் விற்கிறார்கள். சரவாங்கியில் மூட்டைத் தாக்குவதே அந்த எதிர்ப்புச் சக்திதான். சீந்தில் கொடி மாத்திரைக்கும் இதே பேச்சு. தவிர அமுக்கரா தைராய்டு ஹார்மோனைக் கூட்டுவதால் உங்கள் தைராய்டு மாத்திரை அளவும் குழம்பும்.

ஆகவே இரண்டு டப்பாவையும் இன்றே மூடி வையுங்கள்; படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. இந்த வாரமே எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிலிருபின், ரத்த அணுக்கள், கிரியாட்டினின் பாருங்கள். தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் மட்டும் ஆறு வாரம் கழித்து. அடுத்த முறை மூட்டு மருத்துவரிடம் போகும்போது டப்பாக்களைக் கையோடு கொண்டுபோங்கள். லேபிளைப் பார்த்தால்தான் அவருக்கு அளவு புரியும். மெதோட்ரெக்ஸேட் வாரம் ஒரே நாள்தான். மறதியில் தினமும் விழுங்கி உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. ஃபோலிக் ஆசிட்டை மருத்துவர் சொன்ன வேறு நாளில் சாப்பிடுங்கள். முடக்கத்தான் தோசை, மஞ்சள் போட்ட குழம்பு எல்லாம் வழக்கம்போல் இருக்கட்டும்.

சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, உடம்பு அரித்துப் பசி அற்றுப்போனாலோ, அடுத்த மெதோட்ரெக்ஸேட்டை விழுங்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.